காரமான கியூப சுருட்டைச் சுவைத்து மதிப்பிடுதல்: ஒரு முழுமையான வழிகாட்டி

வீரியமான கியூப சுருட்டு ஒன்றை முதன்முறையாகப் புகைத்தவரிடம் அது எப்படியிருந்தது என்று கேட்டால், "ரொம்ப ஸ்ட்ராங்" என்பதற்கு மேல் பதில் வருவது அரிது. அந்த ஒரு சொல்லுக்குள் வெவ்வேறான மூன்று உணர்வுகள் கலந்து கிடக்கின்றன. மூக்கிலும் நாக்கிலும் உறைப்பது காரம். நிக்கோட்டின் தலைக்கும் வயிற்றுக்கும் செய்வது வீரியம். வாய்க்குள் புகை நிற்கும்போது அதன் அடர்த்தியாக நாம் உணர்வது கனம். சமையலறைப் பழக்கமுள்ள எவருக்கும் இந்த வேறுபாடு புதிதன்று: மிளகு ரசம் காரமாக இருக்கும், ஆனால் கனமாக இராது, பருப்பு மசியல் கனமாக இருக்கும், காரம் இராது, வெற்றிலையோடு புகையிலையைக் கூடுதலாகப் போட்டுவிட்டவருக்கு வரும் கிறுகிறுப்பு இவ்விரண்டோடும் சேராத தனி விஷயம். சுருட்டை மதிப்பிடக் கற்பது என்பது பெரும்பாலும் இந்த மூன்றையும் பிரித்துணரக் கற்பதுதான் என்பது என் உறுதியான கருத்து. காரம் மிகுந்த சுருட்டு நல்லதாகவும் இருக்கலாம், மோசமானதாகவும் இருக்கலாம். அந்தக் காரம் எங்கிருந்து வருகிறது, எதனோடு சேர்ந்து வருகிறது, எப்போது விலகுகிறது என்பவற்றைக் கவனித்த பிறகே தீர்ப்புச் சொல்ல முடியும்.

இந்த வழிகாட்டியில் எடுத்துக்காட்டாக நான் கைக்கொள்வது பார்த்தகாஸ் சீரி டி நம்பர் 4. புகைப்பவர்கள் சுருக்கமாக டி4 என்பார்கள். கத்தலோனியாவிலிருந்து வந்த ஹைமே பார்த்தகாஸ், 1845-இல் ஹவானாவின் இண்டஸ்ட்ரியா தெருவில் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் அது. அந்த ஆலைக் கட்டடம் பின்னாளில் எழுந்த கபிடோலியோ மாளிகையின் பின்புறத்தில் இருக்கிறது. டி4 ரொபுஸ்டோ வடிவச் சுருட்டு. நீளம் 124 மில்லிமீட்டர், பருமன் 50 ரிங் கேஜ். ஓர் அங்குலத்தின் 64-இல் ஒரு பங்கே ஒரு ரிங் கேஜ் என்பதால், 50 என்றால் விட்டம் 20 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு. பொலிவார் ராயல் கொரோனாஸ், ராமோன் அயோனெஸ் ஸ்பெஷலி செலக்டெட் ஆகியவையும் இதே அளவுடையவை. இங்கே சொல்லும் முறை அவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

உடல்நலம் பற்றிச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுருட்டுப் புகை வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோயை உண்டாக்கும். புகையை நுரையீரலுக்குள் இழுக்காதவருக்கும் இந்த ஆபத்து உண்டு. நிக்கோட்டின் மனிதரை அடிமைப்படுத்தும் பொருள். இந்தியாவில் 18 வயதுக்கும், இலங்கையில் 21 வயதுக்கும் குறைந்தவர்களுக்குப் புகையிலை விற்பது சட்டப்படி குற்றம். புகைக்காதவர் எவரும் இதைப் படித்துத் தொடங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே புகைக்கும் பெரியவர்கள், அரிதாகப் புகைப்பதை அறிந்து புகைக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

காரம் பிறக்கும் இடம்

மதிப்பீட்டைத் தொடங்குமுன் இலையைப் பற்றித் தெரிந்துகொள்வது அவசியம். இல்லாவிட்டால் வாயில் உணர்வதற்குக் காரணம் சொல்ல முடியாது. கியூபாவின் மேற்குக் கோடியில், பினார் தெல் ரியோ மாநிலத்தின் வுவெல்தா அபாகோ பகுதியில், சான் லூயிஸ், சான் ஹுவான் இ மார்த்தினெஸ் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள செம்மண்ணில்தான் ஹவானா சுருட்டுக்கான தலைசிறந்த இலை விளைகிறது. ஒரே செடியில் கீழ்ப்பகுதியில் பறிக்கும் இலை வொலாதோ. எளிதாக எரியும், சுவை மெல்லியது. நடுப்பகுதி இலை செக்கோ. மணம் பெரும்பாலும் இதிலிருந்து வருகிறது. உச்சிப்பகுதி இலை லிகேரோ. வெயிலை நேராக வாங்குவதும், கீழிலைகள் பறிபட்ட பின்னும் செடியில் நிற்பதும் இதுதான் என்பதால், தடித்து, எண்ணெய்ப்பசை ஏறி, நிக்கோட்டின் மிகுந்து இருக்கும். லிகேரோ என்ற ஸ்பானியச் சொல்லுக்கு மென்மையானது, இலேசானது என்று பொருள் இருந்தும், சுருட்டிலுள்ள இலைகளில் வீரியம் மிக்கது இதுவே. இதை மற்ற இலைகளைவிட நீண்ட காலம் புளிக்கவைத்துப் பதப்படுத்துவதோடு, குறைந்தது 2 ஆண்டுகள் பொதிகளில் கிடத்தி முதிரவும் வைக்கிறார்கள். இந்த முதிர்ச்சி குறைந்தால் காரம் கசப்பாக மாறிவிடும். ஆகவே நாம் வாயில் மதிப்பிடுவதில் பெரும்பகுதி, சுருட்டு சுருட்டப்படுவதற்கு முன்பே கிடங்கின் இருட்டில் முடிவாகிவிட்டது.

சுருட்டுபவரைத் தொர்ச்சதோர் என்பார்கள். அவர் வொலாதோ, செக்கோ இலைகளை விசிறிபோல் மடித்து உள்ளங்கையில் அடுக்கி, லிகேரோ இலையை நடுவில் வைக்கிறார். ஒவ்வொரு மடிப்புக்கும் இடையில் காற்றுப் போக வழி விடுகிறார். அந்த அடுக்கைக் கட்டி நிறுத்தும் இலையால் சுற்றி, அச்சில் அழுத்தி, பிறகு அரைநிலா வடிவமுள்ள சவேத்தா என்ற கத்தியால், வெளியே தெரியும் மேலிலையை நறுக்கிச் சுற்றி முடிக்கிறார். லிகேரோ மெதுவாக எரியும் இலை என்பதால் அது மையத்தில் இருந்தே ஆக வேண்டும். ஓரத்துக்கு நகர்ந்துவிட்டால் சுருட்டு ஒரு பக்கம் எரிந்தும் மறுபக்கம் எரியாமலும் போகும். அத்துடன், நாம் காரம் என்று உணர்வதும் ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டு வரும். இந்தக் கூடங்களில் வேலை செய்பவர்களுக்கு ஒருவர் செய்தித்தாளும் நாவலும் உரக்கப் படித்துக் காட்டும் வழக்கம் 1865 முதல் இருந்துவருகிறது என்பதை இங்கே சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. இத்தனை கவனம் வேண்டும் வேலையைக் காதுக்கு ஒரு கதையைக் கொடுத்துக்கொண்டே செய்கிறார்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

போலிச் சுருட்டை மதிப்பிடுவதால் பயனில்லை என்பதால் இதைச் சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும். அசல் பெட்டியின் அடியில் கியூபாவில் செய்தது என்றும், முழுவதும் கையால் செய்தது என்றும் ஸ்பானிய மொழியில் சூட்டு முத்திரை இருக்கும். கையால் செய்ததைக் குறிக்கும் வாசகம் 1989 முதலும், கியூப சுருட்டுகளை விற்கும் ஹபானோஸ் நிறுவனத்தின் பெயர் 1994 முதலும் இடம்பெறுகின்றன. அதனருகே மையால் ஆலைக் குறியும், சுருட்டுகளைப் பெட்டியில் அடைத்த மாதமும் ஆண்டும் குத்தப்பட்டிருக்கும்: ஜனவரிக்கு எனே, ஆகஸ்டுக்கு ஆகோ, டிசம்பருக்குத் திக் என்று மாதப் பெயர்கள் ஸ்பானியச் சுருக்கமாக வரும். பெட்டியின் ஓரத்தில் பச்சை நிற உத்தரவாதச் சீட்டு ஒட்டியிருக்கும். அதிலுள்ள பட்டைக்கோட்டு எண்ணை ஹபானோஸ் நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டுச் சரிபார்க்கலாம். கண்ணாடி மூடியுள்ள பெட்டியில் கியூப சுருட்டு என்று யாராவது நீட்டினால் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

பெட்டியின் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டுத் தாளின் முதல் வரி அதுதான். டி4 போன்ற வீரியச் சுருட்டுகள் அடைத்த முதல் சில மாதங்களில் அம்மோனியா நெடியோடு இருப்பதுண்டு. ஈரப்பட்ட யூரியா மூட்டையைப் பிரித்ததும் மூக்கைத் தாக்கும் அதே நெடிதான். அந்த நிலையில் புகைத்துவிட்டு அந்தப் பெயரையே குறை சொல்வது நியாயமன்று.

காத்திருப்பும் ஈரப்பதமும்

வாங்கியதும், ஈரப்பதத்தைச் சீராகக் காக்கும் ஹ்யூமிடார் பெட்டியில் வைத்துக் குறைந்தது 3 வாரமாவது விட்டுவிடுங்கள். ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். காரச் சுருட்டை நான் 65-இல்தான் வைக்கிறேன், ஏனென்றால் ஈரம் கூடினால் லிகேரோ இலை சரியாக எரியாமல் புகை சூடாகி, மிளகுச் சுவை நாக்கைச் சுடும் எரிச்சலாக மாறிவிடுகிறது. ஈரமானியை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் குழைகிற அளவுக்குத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஒரு நாள் முழுக்க வையுங்கள். அது 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் உங்கள் மானி 4 குறைத்துக் காட்டுகிறது என்று பொருள்.

சென்னையிலும் கொழும்பிலும் வெப்பம் இதைவிடப் பெரிய சிக்கல். 25 டிகிரிக்கு மேல் போனால் இலைக்குள் உறங்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிந்து, மேலிலையில் ஊசியால் குத்தியதுபோல் துளைகள் விழத் தொடங்கும். அவ்வாறான ஒரு சுருட்டைக் கண்டால் பெட்டி முழுவதையும் சந்தேகப்பட வேண்டும்.

உங்களைத் தயார்படுத்துதல்

வெறும் வயிற்றில் வீரியச் சுருட்டைத் தொடவே கூடாது. பல ஆண்டுகளுக்கு முன், மதியம் சாப்பிடாமல், மாலையில் நண்பர் கொடுத்த சுருட்டு ஒன்றை ஆவலில் வேகமாகப் புகைத்தேன். பாதி முடிவதற்குள் நெற்றியில் குளிர்ந்த வியர்வை வந்தது, காது அடைத்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. நண்பர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். அரை மணி நேரத்தில் தெளிந்தேன். அன்று அந்தச் சுருட்டின் சுவை எப்படியிருந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. வீரியம் மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டது. சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது, அதாவது அமிலத்துக்கு எதிரானது. அதனால் அதிலுள்ள நிக்கோட்டின் வாயின் உள்தோல் வழியாகவே இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. உள்ளே இழுக்கவில்லையே என்ற தைரியம் இங்கே உதவாது.

சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து உட்காருவது நல்லது. அந்தச் சாப்பாட்டில் மிளகாய்க் காரம் தூக்கலாக இருக்கக் கூடாது. காரக் குழம்பு சாப்பிட்ட நாக்கால் சுருட்டின் காரத்தை அளக்க முயன்றால், வெயிலிலிருந்து இருட்டறைக்குள் வந்தவன் நிறம் பார்ப்பதுபோல் ஆகிவிடும். பக்கத்தில் சாதாரண வெப்பத்தில் தண்ணீர், ஒரு துண்டு வெல்லம், ஒரு நோட்டு, பேனா ஆகியவை போதும். ரம்மும் காபியும் கியூப சுருட்டுக்கு இசைந்த துணைகள்தான். ஆனால் மதிப்பிடும் நாளில் தண்ணீர் மட்டும் போதும், ஏனென்றால் காபியின் கசப்பு எது, சுருட்டின் கசப்பு எது என்று பிறகு பிரிக்க முடியாது.

கண்ணாலும் விரலாலும் மூக்காலும்

வெளிச்சத்தில் மேலிலையைப் பாருங்கள். டி4-இன் மேலிலை பெரும்பாலும் நடுத்தரப் பழுப்பு, சிவப்புச் சாயல் கொண்டது. மெல்லிய எண்ணெய் மினுமினுப்பு இருக்க வேண்டும். கறுத்த மேலிலை என்றால் காரம் கூடுதல் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அது பிழை. கியூபாவில் மேலிலையைத் துணிப் பந்தலுக்கு அடியில் நிழலில் வளர்க்கிறார்கள். வீரியமும் காரமும் உள்ளிலையின் கலவையிலிருந்தே வருகின்றன. பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, வாயில் வைக்கும் முனையான தலையிலிருந்து, பற்றவைக்கும் முனையான அடிவரை மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். எங்கும் ஒரே சீரான நெகிழ்ச்சி இருக்க வேண்டும். ஓரிடத்தில் கல்லாக இருந்தால் இழுவை அடைபடும், ஓரிடத்தில் பஞ்சாக இருந்தால் அங்கே புகை சூடேறும்.

மேலிலையை முகர்ந்தால் மழை நின்றபின் மாட்டுத் தொழுவத்திலிருந்து வரும் வாசமும், புதுத் தோல் செருப்பின் வாசமும் கலந்து வரும். கியூப இலைக்கு இது நல்ல அறிகுறி. அடிப்பக்கத்தை முகர்ந்தால் இன்னும் இனிய, உலர்ந்த பழத்தின் மணம் தெரியும். அங்கேயே சில சமயம் மூக்கு நுனியில் ஒரு குறுகுறுப்பு வரும், தும்மல் எட்டிப் பார்க்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், பற்றவைத்த பிறகு வரப்போகும் காரத்துக்கு இது முன்னோட்டம்.

வெட்டுதலும் குளிர் இழுவையும்

தலையில் ஒட்டியிருக்கும் சிறு தொப்பியின் கோடு தெரியும். அந்தக் கோட்டுக்கு மேலே, 2 மில்லிமீட்டருக்குள், கூர்மையான கட்டரால் தயங்காமல் ஒரே வெட்டாக வெட்டுங்கள். கோட்டைத் தாண்டி வெட்டினால் மேலிலை பிரிந்துகொண்டே வரும். துளையிடும் கருவியைக் காரச் சுருட்டுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. புகை முழுவதும் ஒரு சிறு துளை வழியாக நாக்கின் ஒரே இடத்தில் பாய்வதால், இல்லாத காரமும் இருப்பதாகத் தோன்றும்.

பற்றவைக்காமல் நான்கைந்து முறை இழுத்துப் பாருங்கள். இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சும்போது இருக்கும் அளவுக்கு இலேசான தடை வேண்டும். கெட்டியான பாயசத்தை உறிஞ்சுவதுபோல் இருந்தால் அடைப்பு உண்டு. குளிர் இழுவையில் டி4 பெரும்பாலும் காய்ந்த புல், சீடர் மரம், உதட்டில் மெல்லிய உறைப்பு என்ற வரிசையில் வரும்.

பற்றவைத்தல்

பெட்ரோல் லைட்டர் வேண்டாம், அதன் வாடை முதல் பத்து நிமிடத்தைக் கெடுத்துவிடும். பியூட்டேன் லைட்டர் அல்லது நீளமான தீக்குச்சி போதும். சில பெட்டிகளில் அடுக்குகளுக்கிடையே வரும் சீடர் தாளைக் கீற்றாகக் கிழித்துப் பற்றவைப்பது இன்னும் நல்லது. தீக்குச்சியின் மருந்து முழுவதும் எரிந்து தீரும்வரை பொறுங்கள். சுருட்டின் அடியைச் சுவாலைக்குச் சற்று மேலே பிடித்து, அப்பளம் சுடுவதுபோல் சுற்றிச் சுற்றி வாட்டுங்கள். தீ நேரடியாகப் பட வேண்டாம். விளிம்பு முழுவதும் கறுத்து மெல்லக் கனிந்ததும் வாயில் வைத்து இழுத்து, அடியில் ஊதிப் பாருங்கள். கங்கு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சிவக்க வேண்டும். இதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அவசரப்பட்டுக் கருக்கினால் அந்தக் கரி வாடையை நீங்கள் மிளகு என்று தவறாக எழுதிவிடுவீர்கள்.

காரத்தைப் பிரித்துணர்தல்

இந்தப் படியில்தான் தமிழ் நாக்கு மற்றவர்களைவிட முன்னால் நிற்கிறது என்று நினைக்கிறேன். கார்ப்பு, உறைப்பு, நெடி, கமறல், காறல் என்று நம்மிடம் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன; அவற்றை மதிப்பீட்டில் பயன்படுத்தாமல் "ஸ்பைசி" என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுவது பெரிய இழப்பு.

நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும், காரச் சுருட்டில் இன்னும் மெதுவாக இழுத்தாலும் பிழையில்லை. புகையை வாய்க்குள் இரண்டு மூன்று நொடி நிறுத்தி, நாக்கை மெல்லச் சுழற்றி விட்டுவிடுங்கள். நுரையீரலுக்குள் இழுக்கக் கூடாது. ஐந்தாறு இழுப்புக்கு ஒருமுறை மூக்கு வழியாக விடும் பயிற்சியைச் செய்யுங்கள். வாயிலுள்ள புகையில் முக்கால் பங்கை வெளியே விட்டு, உதட்டை மூடி, "ம்ம்" என்று முனகுவதுபோல் மிச்சத்தை மூக்கு வழியாக மெல்லத் தள்ளினால் போதும். மூச்சை உள்ளே இழுக்காமல் வெளியே மட்டும் விட வேண்டும் என்பதுதான் இதன் நுட்பம். சுருட்டின் மணத்தில் பெரும்பகுதி மூக்கில்தான் தெரியும், காரத்தின் தரமும் அங்கேதான் வெளிப்படும். முகத்தின் தொடு உணர்வையும் எரிச்சலையும் மூளைக்குக் கொண்டுசெல்லும் முக்கிளை நரம்பை நிக்கோட்டினே நேரடியாகத் தூண்டுகிறது. அதனால்தான் மிளகே இல்லாத இலையில் மிளகை உணர்கிறோம்.

இப்போது அந்தக் காரம் எந்த வகை என்று கேளுங்கள். மூக்கின் மேற்பகுதியில் சுரீரென்று வந்து சில நொடியில் போய்விட்டால் அது புதிதாக இடித்த கருமிளகு. டி4-இன் தொடக்கத்தில் பெரும்பாலும் வருவது இதுதான். சற்றுத் தாமதித்து நாக்கின் பின்பகுதியில் மந்தமாக நின்றால் வெண்மிளகு. நெஞ்சுவரை வெதுவெதுப்பாகப் பரவினால் சுக்கு. இனிப்போடு கூடி ஈறுகளில் மரத்ததுபோல் இருந்தால் கிராம்பு அல்லது பட்டை. நன்கு முதிர்ந்த சுருட்டுகளில் இதை எதிர்பார்க்கலாம். இவை நான்கும் நல்ல காரங்கள். தாளிக்கும்போது மிளகாய் கருகினால் தொண்டையைப் பிடிக்குமே, அந்தக் கமறல் வந்தால் அது காரமன்று, குறை. நீங்கள் வேகமாக இழுத்திருக்கலாம், சுருட்டில் ஈரம் கூடியிருக்கலாம், அல்லது இலை போதிய அளவு புளிக்காமல் இருக்கலாம். இரண்டு நிமிடம் சுருட்டைச் சும்மா வைத்துவிட்டு மறுபடி இழுங்கள். கமறல் போய்விட்டால் பிழை உங்கள் வேகத்தில். போகவில்லை என்றால் பிழை சுருட்டில். எச்சிலை விழுங்கிய பிறகும் அடிநாக்கில் பச்சைக் கருணைக்கிழங்கின் அரிப்பைப்போல் ஒரு காறல் ஒட்டிக்கொண்டிருந்தால், இளம் லிகேரோ என்று தயங்காமல் எழுதலாம்.

மூன்று பகுதிகள்

பிரெஞ்சுக்காரர்களிடம் ஒரு பழைய வழக்கு உண்டு: சுருட்டின் முதல் பகுதி வைக்கோல், நடுப்பகுதி தெய்வீகம், கடைப்பகுதி சாணக்குழி. மென்மையான சுருட்டுக்கு இது பொருந்தலாம். காரச் சுருட்டில் முதல் பகுதி வைக்கோலாக இருப்பதில்லை. கதவைத் திறந்ததும் எதிரில் நிற்பவரைப்போல் மிளகு நேராக வந்து நிற்கும்.

முதல் பகுதியில், அதாவது ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் எரியும்வரை, காரத்தை மதிப்பிட அவசரப்படாதீர்கள். வருவதை மட்டும் குறியுங்கள். டி4-இல் கருமிளகு, ஈர மண், தோல், கறுத்த காபி என்ற கூட்டம் சேர்ந்து வரும். மூக்கு வழியாக விட்ட முதல் புகையில் கண் கலங்கினால் அது இயல்பே.

நடுப்பகுதியில்தான் தீர்ப்பின் பெரும்பகுதி இருக்கிறது. நல்ல சுருட்டில் மிளகு சற்றே பின்வாங்கி, அதன் பின்னால் மறைந்திருந்தவற்றுக்கு இடம் விடும். என் நோட்டில் இருக்கும் ஒரு குறிப்பை எடுத்துக்காட்டாகத் தருகிறேன். இருபத்தைந்தாவது நிமிடம், சாம்பல் மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குச் சாம்பல்நிற வளையங்களாக நிற்கிறது, மூக்கில் மிளகு பாதியாகக் குறைந்திருக்கிறது, அதே நேரம் நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறுகிறது, வறுத்த கொண்டைக்கடலையின் மணம் எழுந்து, புகையை விட்டபின் வெல்லப்பாகு கருகத் தொடங்கும் கட்டத்தின் இனிப்பு மேலண்ணத்தில் தங்குகிறது. எச்சில் ஊறியதை நான் குறித்ததற்குக் காரணம் உண்டு. நல்ல காரம் வாயை ஊறச்செய்யும், கெட்ட காரம் வாயை வறட்டும். ஐயம் வரும்போதெல்லாம் இந்த ஒன்றைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

வீரியம் பெரும்பாலும் நடுப்பகுதியின் முடிவில்தான் தலைகாட்டும். அடிவயிற்றில் இலேசான கனம், விரல் நுனியில் குளிர்ச்சி, குமட்டலோடு வரும் எச்சில் மிகுதி ஆகியவை தெரிந்தால் சுருட்டை வைத்துவிட்டு வெல்லத் துண்டை வாயில் போட்டுத் தண்ணீர் குடியுங்கள். தலை சுற்றினால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும்.

கடைப்பகுதியில் தாரும் வெப்பமும் சேர்வதால் எல்லாச் சுருட்டும் கனக்கும், காரமும் மீண்டும் ஏறும். இங்கே பார்க்க வேண்டியது, ஏறும் காரத்தோடு சுவையும் ஏறுகிறதா என்பதுதான். நல்ல டி4-இல் கறுத்த சாக்லேட்டும் வறுத்த மல்லியும் சேர்ந்து மிளகைத் தாங்கிப் பிடிக்கும். வெறும் கசப்பும் சூடும் மட்டும் மிஞ்சினால் அங்கேயே நிறுத்தி, எத்தனை சென்டிமீட்டர் மிச்சம் என்று எழுதுங்கள். சுருட்டைச் சுற்றியிருக்கும் பெயர்ப் பட்டியை இந்தக் கட்டத்தில் கழற்றலாம். சூட்டில் பசை இளகியிருப்பதால் மேலிலை கிழியாது.

எரிதல் பற்றி

சாம்பலின் நிறம் மண்ணின் தாதுக்களைக் காட்டுமே தவிர, தரத்தைக் காட்டாது. எரிகோடு இரண்டு மில்லிமீட்டர் கோணினால் குறையாகக் கொள்ள வேண்டாம்; ஒரு பக்கம் தோணிபோல் குழிந்தால் மட்டும் தீயால் தொட்டுச் சரிசெய்து, அதைக் குறித்துவையுங்கள். அணைந்துவிட்டால் சாம்பலைத் தட்டி, சுருட்டு வழியாக வெளிநோக்கி ஒருமுறை ஊதிப் பழம்புகையைப் போக்கிய பிறகு பற்றவைக்க வேண்டும்.

மதிப்பெண் இடுதல்

நான் 100-க்கு மதிப்பெண் இடுகிறேன். தோற்றத்துக்கு 10, இழுவைக்கும் எரிதலுக்கும் சேர்த்து 20, சுவைகளின் தெளிவுக்கு 30, சமநிலைக்கு 30, பின்சுவைக்கு 10. காரத்துக்கோ வீரியத்துக்கோ மதிப்பெண் கிடையாது. அவற்றைப் பக்கத்தில் தனி வரிசையில் 1 முதல் 5 வரை அளவாக மட்டும் எழுதுகிறேன். காரம் 5, வீரியம் 4, கனம் 4 என்பது ஒரு விவரிப்பு. அது நல்லதா என்பதைச் சமநிலைக்கான 30 சொல்லும். மூன்று பகுதிகளிலும் காரத்தின் அளவைத் தனித்தனியே எழுதினால் அதன் போக்கு கண்ணுக்குத் தெரியும். 5, 3, 4 என்று போகும் சுருட்டு பேசத் தெரிந்த சுருட்டு. 5, 5, 5 என்று போவது ஒரே குரலில் கத்திக்கொண்டிருக்கும், அதற்குச் சமநிலையில் 15-க்கு மேல் நான் கொடுத்ததில்லை. பின்சுவைக்கு, கடைசி இழுப்புக்குப் பிறகு தண்ணீர் குடிக்காமல் 5 நிமிடம் பொறுத்திருந்து எழுதுங்கள்.

பெயர் தரும் மயக்கத்திலிருந்து விடுபட, பட்டியைக் கழற்றிய இரண்டு சுருட்டுகளை வேறொருவரை எடுத்துத் தரச் சொல்லி, இரண்டு வெவ்வேறு நாட்களில் புகைத்து எழுதிவிட்டுப் பிறகு பெயரைக் கேளுங்கள். டி4-ஐயும் ராமோன் அயோனெஸ் ஸ்பெஷலி செலக்டெட்டையும் இப்படி வைத்துப் பார்த்தபோது, இரண்டும் ஒரே அளவு, ஒரே நாட்டு இலை என்றபோதும், முன்னதில் மிளகும் மண்ணும், பின்னதில் உலர்ந்த திராட்சையும் பட்டையும் எனக்குத் தெளிவாகப் பிரிந்து தெரிந்தன.

ஒரே ஒரு சுருட்டை வைத்து ஒரு பெயரைப் பற்றித் தீர்ப்பெழுதக் கூடாது. கையால் செய்த பொருள் என்பதால், ஒரே பெட்டியிலேயே ஒன்று அடைபட்டும் அடுத்தது அருமையாகவும் இருக்கும். ஒரே பெட்டியிலிருந்து மூன்றை, சில வார இடைவெளியில் புகைத்து, மூன்று தாளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். மிச்சமுள்ளவற்றை ஆண்டுக்கு ஒன்றாக எடுத்தால் இன்னொன்றும் தெரியவரும். என்னிடம் இருந்த ஒரு டி4 பெட்டியில், அடைத்து 8 மாதத்தில் எடுத்த சுருட்டின் முதல் பகுதிக்குக் காரம் 5 என்றும், "கருமிளகு, கண்ணீர்" என்றும் எழுதியிருக்கிறேன். நான்கு ஆண்டு கழித்து அதே பெட்டியிலிருந்து எடுத்ததற்குக் காரம் 3. அதன் எதிரே எழுதியிருப்பது "கிராம்பு, பிறகு வெல்லம்".